குடும்பத்துக்கு ஒரு டிக்

பல்கீஸ் பீவியின் வீடு ஆற்றோரத்தில், இரண்டு பஞ்சாயத்துகளின் எல்லையில் இருக்கிறது. வீட்டு வரி ஒன்றுக்கு, குடிதண்ணீர் மற்றதிலிருந்து. எந்தக் காரியமென்றாலும் இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தவள். புட்டுமாவு வறுத்து விற்றுப் பிழைப்பு. கணவர் முஹம்மது ஷரீஃப் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். வெள்ளம் வந்தால் இனி இரண்டு பஞ்சாயத்தும் சேர்ந்தே வேலை பார்க்கும் என்று மைக்கில் சொன்னபோது, அவளைப்போலச் சந்தோஷப்பட்டவர்கள் அந்தக் கரையில் இல்லை. மேற்குப் பஞ்சாயத்து ஆட்களை ஏற்றிவர வள்ளம் அனுப்பும், கிழக்குப் பஞ்சாயத்து பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தும். இரண்டுக்கும் ஒரே குடும்பப் பட்டியல்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. காலையில் அரிசி திரிக்க மில்லுக்குப் போனவள் திரும்புவதற்குள் பாதை முங்கிவிட்டது. கணவரை வள்ளத்தில் கொண்டுவந்துவிடுவார்கள் என்று நம்பி நேரே முகாமுக்கு நடந்தாள். வாசலில் கிளார்க் செல்வன் பெயர் கேட்டு, டிக் போட்டு உள்ளே விட்டான்.

மத்தியானத்துக்குள் நாலு நடை வள்ளம் வந்துவிட்டது. ஷரீஃப் வரவில்லை.

"மக்கா, எனக்க மாப்ள இன்னும் வரல்லியே?"

"வந்தாச்சே உம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து டிக் கெடக்கு பாருங்க."

சர்க்கார் காகிதம் பொய் சொல்லுமா? ஆறு வகுப்பறையிலும் தேடினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவரைத் தொட்டு எழுப்பினால், அவர் வேறு யாரோ. கக்கூஸ் பக்கமும் போய்ப் பார்த்தாள். எழுந்து நிற்க முடியாத மனுஷன் எங்கே போவார் என்று அவளுக்கே தோன்றாமலில்லை. ஆனாலும் தேடினாள்.

கடைசியில் வள்ளக்காரன் ஸ்டெனியைப் பிடித்தாள். இனயம் கடற்கரை ஊர்க்காரன்.

"அந்த வீட்டுல ஆளில்லன்னு ஃபோன் வந்துதே உம்மா. அதான் நாங்க போவல்ல."

அப்போதுதான் விளங்கியது. பட்டியலில் குடும்பத்துக்கு ஒரே டிக். அவள் வந்ததும் வீடே வந்ததாகப் போட்டு, மேற்குப் பஞ்சாயத்துக்கும் சொல்லிவிட்டார்கள். செல்வனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "லிஸ்ட்ட திருத்தணும்னா ஆபீசர் சொல்லணும்" என்று இழுத்தான்.

பல்கீஸ் பேனாவைப் பிடுங்கி, புருஷன் பெயரைத் தானே வெட்டினாள். காகிதம் கிழிந்தது. உயிரோடிருக்கிறவர் பெயரை இப்படி வெட்டிவிட்டோமே என்று கிழிசலை விரலால் ஒட்டிப் பார்த்தாள்.

"ஆளு வரல்ல. வள்ளத்த விடு மக்கா" என்றாள் ஸ்டெனியிடம்.

ஸ்டெனியும் கூட இருந்தவர்களும் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஷரீஃப் முதுகு முழுக்க நனைந்திருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று குழறிக் கேட்டார்.

"உங்க பேர வெட்டிட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு?"

"நீங்க வந்து சேரத்தான்" என்றாள். அழுதாள்.