மச்சான் வயலில் ஓடாத மோட்டார்

போன வாரம் பாகூரில் ஒரு மோட்டார் ஓடாமலே ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவியின் அண்ணன் வயல் அது. நெல் பால் பிடிக்கிற நேரம். எங்கிருந்தாலும் போனிலேயே போர் மோட்டாரைப் போட மச்சானுக்கு நான்தான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். புரோகிராம் எழுதுவதுதானே என் பிழைப்பு! வில்லியனூரில் வீட்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன் – பிரமாதம். அதையே பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டுக்கு மாற்றினேன். வயலில் ஒருமுறை ஓடியது. போதாதா?

போதவில்லை. மச்சான் வெளியூர் கல்யாணத்துக்குப் போனவர், அங்கிருந்தே பட்டனைத் தட்டியிருக்கிறார். ‘மோட்டார் ஓடுகிறது’ என்றது போன். திரும்பி வந்து பார்த்தால் வயல் வெடித்துக் கிடக்கிறது.

என்னைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டாமா? மாட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளையிடம் குறையை நேராகச் சொல்லும் வழக்கமில்லை. தங்கைக்குப் போன் போட்டார். அவள் என்னிடம் வந்து, “நேரம் கெடைக்கறப்ப அந்தப் பொட்டிய கொஞ்சம் பாக்க சொல்லிச்சு அண்ணன்” என்றாள். எனக்கு நேரம் கிடைக்கவில்லை...

இரண்டு நாள் கழித்து, அவள் முகம் சரியில்லையே என்று துருவினேன். அண்ணன் சொன்னது அப்போதுதான் முழுசாக வந்தது – “பயிரு காயுது. அந்தப் பொட்டிய ஏரில கடாசப் போறேன்!”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்ததும் என் தப்பு கண்ணில் பட்டது.

பிராசஸருக்கு மோட்டாரைத் தெரியாது, விலாசம்தான் தெரியும். இன்ன விலாசத்தில் ‘ஒன்று’ என எழுதினால் மோட்டார் ஓடும். அந்த விலாசத்தில் இருப்பது வெறும் மெமரியா, வெளியே உள்ள கருவியா? இதை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கருவி என்றால் உத்தரவு நேரே போய்ச் சேரும். மெமரி என்றால், அப்புறம் அனுப்பலாம் என்று பிராசஸர் தன் பக்கத்திலேயே, ‘கேஷ்’ என்ற இடத்தில், வைத்துக்கொள்ளும். அங்கே இடம் நெருக்கினால் எப்போதாவது அனுப்பும்; வயலில் ஒருமுறை ஓடியது அந்த அதிர்ஷ்டம்தான். ‘ஓடுகிறதா?’ என்று கேட்டால், தான் எழுதி வைத்ததையே படித்து ‘ஓடுகிறது’ என்று சொல்லும்!

அந்தக் கெர்னலில் நான் மெமரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். வீட்டு கம்ப்யூட்டரின் பிராசஸர் வேறு இனம். கருவிகளின் விலாசம் அங்கே தனியாகவும் குறிக்கப்பட்டிருக்கும். அதனால் என் தப்பு வெளியே தெரியவில்லை. சின்ன போர்டில் இருப்பதோ, சொன்னதை அப்படியே நம்புகிற அப்பாவி.

ஒரு வரியை மாற்றினேன். பட்டனைத் தட்டினேன். குழாயில் தண்ணீர் கொட்டியது. மச்சான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மேட்டு மூலை அவ்ளோதான் மாப்ள, பதராப் பூடும். மத்தது தேறும்.”

“எனக்கே போன் பண்ணியிருக்கலாமே மச்சான்?”

“உன்னாண்ட எப்டிப்பா... இனிமே பண்றேன். தங்கச்சியாண்ட சொன்னா சக்கர தடவித்தான் அனுப்புறா.”

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் சுடச்சுட நேரே சொன்னால் எந்தக் குடும்பம் தாங்கும்? நல்ல மனசுதான் அவளைத் தாமதிக்க வைத்தது. ஆனால் தண்ணீருக்குக் காத்திருக்கும் பயிருக்கு நம் நல்ல மனசு தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே கேட்டாள். “பயிரு இன்னா ஆச்சு? அண்ணன் இன்னா சொல்லிச்சு?”

அந்த மேட்டு மூலை தொண்டை வரை வந்தது.

“எல்லாம் தேறிடுமாம்” என்றேன்.