எருதுக்குத் தண்ணீர்

எங்கள் மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு தென்னை நிற்கிறது. நட்டது என் மதினி, அண்ணன் மனைவி. அதன் தூருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய் மண்ணுக்குள் இறங்குகிறது. தென்னை வந்ததே அந்தக் குழாயால்தான்.

அறுபதுகளின் தொடக்கம். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கிணறுகளுக்குக் கரண்ட் வந்த புதிது. லைன்மேன் குழி வெட்டி, குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடினார். மோட்டாரிலிருந்து அதற்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டினார்.

“என்னங்க, மோட்டாருக்கு ஊறுகாயா?” என்றார் மதினி.

லைன்மேன் சிரிக்கவில்லை. “எர்த்துக்குத் தெனம் தண்ணி விடுங்க. காயப் போட்டுடாதீங்க” என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

சொன்ன சொல்லை மதினி தட்டவில்லை. அதுவரை கமலை இழுத்துக் கிணற்றுநீர் இறைத்த எங்கள் மாடுகள் இரண்டுக்கும் தினமும் வயிறு நிறையத் தண்ணீர் காட்டினார்.

கோடை வந்தது. மிளகாய் பூத்து நின்ற நேரம். அண்ணன் மோட்டாரைத் தொட்டார், தூக்கி எறிந்தது. எழுந்து உட்கார்ந்தவர், “இந்தச் சனியனே வேணாம். அறுத்துக்கிட்டுப் போகச் சொல்லு” என்றார். மறுபடி கமலை பூட்டினார். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது. இறைத்தது மிளகாய்க் கொல்லையில் பாதிக்கு எட்டவில்லை. செடிகள் தலை தொங்கின. அந்த வருசத்துக்கு எங்களுக்கு இருந்தது அந்த மிளகாய் ஒன்றுதான்.

லைன்மேன் வந்தார். உள்ளே ஒரு ஒயர் உரிந்து மோட்டார் உடம்பில் பட்டிருந்தது. அதைச் சரிசெய்தார். பிறகு குழாயடியைக் கிளறினார். வெறும் புழுதி.

“எர்த்துக்குத் தண்ணி விடச் சொன்னேனேம்மா!”

“விட்டேங்க. ரெண்டும் முட்ட முட்டக் குடிச்சுச்சு.”

“எது ரெண்டும்?”

மதினி மாடுகளைக் காட்டினார். “ஆபீஸ் ஆளு, மாட்டை எருதுங்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!”

அன்றுதான் லைன்மேன் சிரித்துப் பார்த்தேன். எர்த் என்றால் மண் என்றார். “கசியுற கரண்டுக்கு மண்ணுக்குப் போற அவசரம்மா. குழியில ஈரம் இருந்தா இந்தக் கம்பி வழியாப் போயிரும். இல்லேன்னா தொட்ட ஆளு வழியாப் போகும்.”

மதினி குடம் குடமாக ஊற்றினார். லைன்மேன் மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துத் தலையாட்டினார். அண்ணன் கிட்டே வரவில்லை. மதினிதான் முதலில் கை வைத்தார்.

“இங்கிட்டு வாங்க. கடிக்கல.”

அண்ணன் வந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மிளகாய் பிழைத்தது.

முளைக்காத இரும்புக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற மதினிக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் வாழை வைத்தார்; உப்பில் கருகியது. உப்பு தாங்கும் என்று தென்னம்பிள்ளை வைத்தார். பிடித்துக்கொண்டது.

மதினி போய்விட்டார். மாடுகளும் இல்லை. தென்னை காய்க்கிறது. அதற்கும் குழிக்கும் தண்ணீர் விட்டுவிட்டு என் மருமகள் வாசலில் நின்று சொல்வாள்:

“எருதுக்குத் தண்ணி காட்டியாச்சு, மாமா.”