சித்தியின் மாதிரிப் பாடம்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது என் சித்தி ஞாயிறு பள்ளி ஆசிரியை ஆகப் பயிற்சி எடுத்தாள். தாராவியில் எங்கள் வீட்டு மாடி அறையில் அவள் பாடம் நடத்திப் பழகுவாள். மாணவர் கூட்டம் மொத்தமும் நான்தான். பைபிள் கதையில் காணாமல்போன ஆட்டை மட்டும் இருபது தடவையாவது கண்டுபிடித்திருப்போம்.

எனக்கு ஆட்டைவிட அவளுடைய நோட்டில்தான் கண். அம்மா பாடப் புத்தகத்தை வாசிக்க, சித்தி அந்தத் தமிழை அப்படியே ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், “அது என் சவுகரியம், உனக்கென்னட்டி?” என்பாள். அவள் ஹிந்திப் பள்ளியில் படித்தவள். இவ்வளவு தமிழ் பேசுகிறவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

மாதிரிப் பாடம் நடத்தும் ஞாயிறு வந்தது. தேறினால்தான் அவளுக்கென்று ஒரு வகுப்பு. பார்க்க வருகிறவர் போதகரின் மனைவி, ஐயரம்மா என்போம். தமிழ்ச் சபையில் ஹிந்தி நோட்டைக் கண்டால் அவர் சும்மா விடுவாரா? சித்தியின் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டு, பாடப் புத்தகத்தை வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு.

வகுப்பில் சித்தி பையைத் திறந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கதையை மனதிலிருந்தே சொன்னாள். ஆடு தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிந்தபோது ஐயரம்மா, “வசனத்தையும் வாசிச்சிருங்க” என்றார்.

சித்தி புத்தகத்தை விரித்தபடி நின்றாள்.

“ஏட்டி, நீ வந்து வாசி.”

நான் கணீரென்று வாசித்தேன். அவள் எல்லாரையும் திருப்பிச் சொல்லவைத்தாள். “பிள்ளையளையே வாசிக்க வைக்கீங்க பாத்தீங்களா, அது நல்ல முறை” என்று ஐயரம்மா அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் சித்தி என் கையை விடவே இல்லை. நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இனி வாராவாரம் நீதான் வாசிக்கணும். விரல் வச்சு, மெதுவா” என்றாள்.

செய்த உபகாரத்துக்குப் பரிசு என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விரல் வைத்து வாசித்தேன். என் விரல் நகர நகர, சித்தியின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜெபம் பண்ணுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.