கொழுந்துக்குள் போன கெமரா

லோஜினியின் கெமரா மேல் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஏறிவிட்டதாம். கெமராவுக்கு ஒரு கீறலும் இல்லையாம், லொறியின் சில்லில்தான் காற்று இறங்கிவிட்டதாம். தலவாக்கலை டவுனில் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் எனக்கு இதைச் சொன்னார். அவருக்குச் சொன்னது அட்டன் பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க. ஆனா நெசம்" என்றார்.

நிஜம் இல்லை. கெமரா லொறிக்கு அடியில் போகவில்லை, லொறியில் ஏறித்தான் போனது. அப்படி ஏறிப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதைக் கடைக்காரரிடம் சொல்லாமல், தக்காளிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்தேன். அதுதான் என் தொழில். மெல்பேர்னில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். எது உடையும், எது வழுக்கும், எது தீப்பிடிக்கும் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதையே சும்மா செய்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன், பிறகு கண்டியில் ஆங்கிலத்தில். இரண்டு மொழியிலும் சரளமாகப் பயப்பட வரும்.

லோஜினி என் தம்பி நிரஞ்சனின் மனைவி. கந்தப்பளைக்காரி. கல்யாணமாகி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லாரும் அவளைப் பார்க்க வந்தார்கள். அவள் வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து போனில் வீடியோ எடுத்தாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தம்பி கொழும்பில் புடவைக்கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். இவள் விடிந்தால் கொழுந்து பறிக்கப் போவாள், பின்னேரம் வீடியோ போடுவாள். முதலில் போட்டது காலில் ஏறிய அட்டையைப் பேச்சுக் கொடுத்தபடியே கழற்றுவது எப்படி என்று. அதற்குப் பிறகு ரொட்டி, கட்டச் சம்பல், மண் சரிந்த பாதை, பக்கத்து வீட்டுச் சண்டையில் பாதி. மீதிப் பாதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அடக்கம் என்பது அவளிடம் கிடையாது. "நான் பேசினா ஆளுக பாப்பாங்க மதினி, அது என் மூஞ்சியோட ராசி" என்பாள்.

அந்த ராசி போன மழையில் போனோடு சேர்ந்து நனைந்தது. போன் எப்படியோ பிழைத்தது, ஆனால் அதன் கெமராவுக்குள் நிரந்தரமாகப் பனி மூட்டம். அப்போதுதான் கொழும்பில் கெமராக் கடை வைத்திருக்கும் தேனுஜன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் கூப்பிட்டான். விழுந்தாலும் உடையாத, தண்ணீர் போகாத ஒரு குட்டிக் கெமரா வந்திருக்கிறதாம். மூன்று பேருக்குக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறானாம்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வீடியோவைப் போட்டு விடுங்கோ அக்கா" என்றான். "உங்கட வீடியோ நல்லா வந்தா கெமரா உங்களுக்குத்தான். மாசா மாசம் ஒரு சாமான் சோதிச்சுப் பாக்கிற வேலையும் தருவம்."

லோஜினி பார்சலில் வந்த அந்தக் கெமராவை நெருப்புப்பெட்டி மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டில் முதல் தடவையாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது வேண்டும். எவ்வளவு வேண்டுமென்றால், என்னிடம் ஆலோசனை கேட்கும் அளவுக்கு.

நான் அப்போது லீவில் வந்து ஒரு வாரம். உடனே சோதனைத் திட்டம் போட்டேன். மேசை உயரத்திலிருந்து போடுவது, பிறகு கதவு உயரத்திலிருந்து, வாளித் தண்ணீரில் அமுக்குவது. ஒவ்வொரு தடவையும் கெமராவுக்கு அடியில் தலையணை வைத்தேன்.

"தலகாணில போட்டா நானே ஒடைய மாட்டேன் மதினி" என்றாள் லோஜினி.

தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை, படியில் உருண்டும் ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. கெமராவின் பின்பக்கத் திரை அவள் விரலுக்கு அசையவே இல்லை. கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன நுனிகள். தட்டினாள், தேய்த்தாள், ஊதிப் பார்த்தாள். போனுக்கென்றால் விரல் முட்டியால் தள்ளிவிடுவாள். இந்தத் திரையில் முட்டியை வைத்தால் அதிலிருந்த நான்கு பொத்தான் படமும் ஒன்றாக அமுங்கியது. நான் சும்மா ஒரு விரல் வைத்தேன், உடனே திறந்தது.

"என் வெரல மனுசி வெரல்னு அது நம்பல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வியாழக்கிழமை மலையில் சோதனை. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அவளே அனுமதி வாங்கிவிட்டாள். வீடியோவில் அவர் வழுக்கையைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. கெமராவோடு தலையில் மாட்டும் பட்டி ஒன்றும் வந்திருந்தது. முதுகுக் கூடையின் கயிறு தலையில் போகும் இடத்துக்கு மேலே அதை இறுக்கினாள். நெற்றியில் தடம் விழுந்தது. எனக்கோ தலைவலி, இரத்த ஓட்டம், தழும்பு என்று வரிசையாக ஞாபகம் வந்தது. "இரு இரு" என்று என் லேஞ்சியை மடித்துப் பட்டிக்குக் கீழே வைத்தேன். மெல்பேர்னில் வாங்கிய பட்டுக் கைக்குட்டை. வழவழவென்று இருக்கும்.

மழை தூறியது. பட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று, எதைப் பற்றியும் யோசிக்கும் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அவள் கொழுந்தைப் பறித்துத் தலைக்கு மேலாகக் கூடையில் எறிய எறிய, பட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கியிருக்கிறது. மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்து, சாக்கில் கொட்டி, லொறியில் ஏற்றிய பிறகுதான் லோஜினி தலையைத் தடவிப் பார்த்தாள். லேஞ்சி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டியும் கெமராவும் கூடைக்குள் விழுந்து கொழுந்தோடு போய்விட்டன.

அவள் பாதையில் ஓடி வந்து சொன்னபோது என் மூளை இழப்பீட்டுப் படிவம் போல விரிந்தது. கெமரா ஸ்டோருக்கு, அதுதான் தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும். கொழுந்தை வாட்டி, மெசினில் போட்டு உருட்டுவார்கள். மெசின் உடையும். லோஜினியை வேலையை விட்டு நிறுத்துவார்கள். மிச்சம் தூளாகி, லண்டனில் யாரோ கோப்பையில் கண்ணாடிச் சில்லோடு தேநீர் குடிப்பார்கள். அத்தனையையும் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

"மதினி, லண்டன்காரன அப்பறம் பாப்போம். ஓடுங்க" என்றாள்.

ஓடினோம். அதாவது அவள் ஓடினாள். நான் வழுக்காத இடமாகப் பார்த்துக் கால் வைத்துப் பின்னால் போனேன். நான் ஸ்டோர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் கெமராவோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். வாட்டுவதற்குக் கொழுந்தைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்த தர்ஷன், இலைக்குள் சிவப்பு வெளிச்சம் சிமிட்டுவதைப் பார்த்து எடுத்து வைத்திருந்தான். மெசினுக்கும் ஒன்றுமில்லை, லண்டனுக்கும் ஒன்றுமில்லை.

பின்னேரம் இருவரும் உட்கார்ந்து அதில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தோம். முதலில் மலை, பனி, அவள் கை போய்ப் போய் வருவது. பிறகு வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குப் பிறகு பச்சை இருட்டு. படம் இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. கூடை நிறையக் கொழுந்துக்கு அடியிலிருந்தும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. முதலில் கேட்டது பக்கத்து நிரையில் பறிக்கும் பேச்சியம்மாவின் குரல்.

"ஏ லோஜினி, ஒன் மதினி நேத்து கக்கூசுக்குப் போனதப் பாத்தியா? கையில கொட, கழுத்துல டார்ச்சு, ஒரு பை நெறைய உப்பு. கருவாடு போடப் போறாளோன்னு நெனச்சேன்."

"அது அட்டைக்கு அக்கா."

"காலுக்கு ரெண்டு சோடி மேசு போட்டிருக்கா. அட்டைக்குப் பல்லு போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ கேட்டார்கள்: "இங்கன பொறந்தவதானே?"

"பொறந்தா. அப்பறம் படிச்சிட்டால்ல" என்றார் பேச்சியம்மா.

நான் லோஜினியைப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவின் தரம் மிக நன்று என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அவள் குரல் வந்தது.

"சிரிக்காத அக்கா. எம் புருசன் எதுக்கும் பயப்பட மாட்டாரு, அதனால எதுவும் செய்யவும் மாட்டாரு. எனக்காகப் பயப்பட இந்த ஒரு ஆளுதான் இருக்காங்க."

அதற்குப் பிறகு தராசு, சாக்கு, லொறி இஞ்சின். கடைசியில் தர்ஷனின் மூக்குத் துவாரம் திரை முழுக்க வந்து "ஹலோ" என்றது.

நான் ஏற்கெனவே ஒரு உரை எழுதி வைத்திருந்தேன். "இயற்கையின் மடியில் ஒரு நவீன நண்பன்" என்று தொடங்கும். லோஜினி அதைக் கையில் வாங்கி மரியாதையாகப் படித்தாள்.

"நல்லாருக்கு மதினி. யாரு பேசறது இத?"

"நீதான்."

"நானா?" என்று கேட்டுவிட்டு அதை மடித்து வைத்தாள். "கூடைக்குள்ள எடுத்ததையே போடுறேன். விழுந்து, அமுங்கி, லொறி ஏறிப் போயும் ஓடிக்கிட்டிருக்கு. இதுக்கு மேல என்ன சோதன? ஆனா அதுல நீங்க இருக்கீங்க. போடவா, வேணாமா?"

மெல்பேர்னில் என் பிரிவில் தமிழ் புரிந்தவர்கள் மூன்று பேர். அவர்கள் இவளுடைய வீடியோக்களைப் பார்ப்பவர்கள் வேறு. உப்புப் பையோடு நான் கக்கூசுக்குப் போன செய்தி திங்கட்கிழமை காலை அங்கே வந்து சேர்ந்துவிடும். போடாதே என்று சொல்ல வாய் திறந்தேன்.

"போடு" என்று வந்தது. எனக்கே ஆச்சரியம். உடனே ஈடு கட்டுவதற்காக, "ஆனா திரை உன் விரலுக்கு வேலை செய்யலங்கிறதை மட்டும் விட்டுடு. அவன் விக்கிற சாமான், கோவிச்சுக்குவான். கெமரா கைக்கு வராது" என்றேன்.

"என்னைப் போல வெரல் உள்ளவ வாங்கிட்டு என்ன செய்வா?"

"அவங்க எங்க வாங்கப் போறாங்க?"

"நானே வாங்கப் பாக்குறேனே மதினி" என்றாள்.

சனிக்கிழமை, நான் தக்காளி வாங்கி வந்த பிறகு, வீடியோவைப் போட்டுத் தேனுஜனுக்கும் அனுப்பிவிட்டாள். பேச்சியம்மா முதலில் தலைமுடி சரியாக இல்லை என்று மறுத்தார். குரல் மட்டும்தான் என்று தெரிந்ததும், இன்னும் இரண்டு சொல்லியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். வீடியோவின் முடிவில் லோஜினி நேராகப் பார்த்துச் சொல்கிறாள்: "கெமரா கெட்டி. பட்டியும் நல்லது, எங்க மதினி லேஞ்சிதான் சரியில்ல. ஆனா இந்தத் திரைக்கு மெத்து வெரல் வேணும். கொழுந்து எடுக்கிற வெரல அதுக்குத் தெரியல. செய்யிறவங்க அதையும் கொஞ்சம் பாருங்க."

ஞாயிறு காலை முழுக்க பதில் இல்லை. லயத்தில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கம்பியில் மட்டும், அதனால் போனைப் பையில் போட்டு அங்கே கட்டியிருந்தோம். நான் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். பட்டரி இருக்கிறதா, முடிச்சு அவிழ்கிறதா, கம்பியில் மின்சாரம் வருகிறதா. லோஜினி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள், வழக்கத்துக்கு அதிகமாகத் தேங்காய்ப்பூ போட்டு. அவளும் ஜன்னலைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது.

பையைப் பிரித்துப் பார்த்தாள். "கொழும்பு நம்பரு."

முட்டியால் தள்ளினாள். மா ஒட்டியிருந்தது, போன் அசையவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினாள். அடித்துக்கொண்டே இருந்தது.

"மதினி, ஒங்க வெரலக் குடுங்க."

கொடுத்தேன். தள்ளினேன். திரை என்னையும் நம்பவில்லை. என் விரல் முழுக்க வியர்வை.

"தொடைங்க மதினி, தொடைங்க. வச்சிருவான்."

அவசரத்தில் இடுப்பைத் தடவியதில் கையில் வந்தது அந்த லேஞ்சி. துடைத்தேன். பட்டு ஈரத்தை உறிஞ்சவில்லை, விரல் முழுக்கத் தடவிவிட்டது. லோஜினி என்னைப் பார்த்தாள், நான் லேஞ்சியைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.