வெள்ளிப் பட்டையில் எங்கள் பெயர்

நான் பெருமை பீற்றிக்கொள்ளும் ஆள்தான். வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள், எங்கள் தெருவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்து, ஊரில் உள்ளவர்களின் ஆதார் அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். சொந்தமாகப் பீற்றிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தால் விடுவேனா?

விஷயம் இதுதான். எங்கள் தெருக் கடைக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் கடை மாடியில் கூடுவோம். பாய் பெல்ட், பர்ஸ், பை என்று தோல் சாமான் விற்கிறவர். முதலில் அங்கே சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தோம். சீட்டு முடிந்த பிறகும் கூடி உட்கார்ந்து வம்பு பேசும் பழக்கம் விடவில்லை. சும்மா பேசுவதற்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு ஏதாவது செய்வோமே என்று ஒரு நாள் பாய்தான் ஆரம்பித்து வைத்தார். யாராவது ஒருவர் வந்து ஒரு யோசனை சொல்ல வேண்டும். அது கேட்கிறவரைத் தவிர வேறு யாருக்காவது உதவ வேண்டும். பிடித்திருந்தால் அன்றைக்கே பணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். திருப்பிக் கேட்பதில்லை. என்ன ஆயிற்று என்று மட்டும் பிறகு வந்து சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போக வேண்டும்.

சின்னக் காசுக்கு என்ன பெரிதாக நடந்துவிடும் என்று என் வீட்டுக்காரரே கேலி செய்தார். நடந்தது. பென்ஷன் படிவம் நிரப்ப என் கடைக்கு வரும் பெரியவர்கள் கண் தெரியாமல் தடவுவதைப் பார்த்து, பக்கத்து டீக்கடைக்காரர் பூதக்கண்ணாடிகள் வாங்கி, ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தார். பாலசமுத்திரத்திலிருந்து சாமான் எடுக்க வரும் விவசாயி ஒருவர், தெருவுக்குப் பொதுவாக ஒரு நீள ஏணி வேண்டும் என்றார். அந்த ஏணி இன்று யார் வீட்டில் சாய்ந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் யாரோ ஒருவர் அதில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்களில் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் கடை அண்ணாச்சி. தாராளமான கை. இருநூறு கேட்டால் ஐந்நூறு போடுவார். ஆனால் போட்டது ஊருக்குத் தெரிய வேண்டும். இந்த வட்டாரத்துக் கோயில்களில் எரியும் டியூப் லைட்டில் பாதி அவர் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் 'உபயம்' என்று எழுதி அவர் பெயர், கடைப் பெயர், கிளை இல்லை என்பது வரை இருக்கும். பூதக்கண்ணாடியின் கைப்பிடியில்கூட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி ஒட்டவைத்தார்.

"பேரு போடலன்னா நம்ம குடுத்தோம்னு எவனுக்குத் தெரியும்?" என்பார்.

அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மார்கழி ஞாயிறு, தையல்காரி ஒருத்தி மாடியேறி வந்தாள். ஒட்டன்சத்திரம் போகும் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் அவள் ஊர். பள்ளிக்கூடச் சீருடை தைக்க எங்கள் தெருவில்தான் நூலும் பட்டனும் எடுப்பாள். எடுப்பதற்குள் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவாள். பேரத்தில் ஒரு ரூபாய் விடமாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவள் கேட்டது பழனிக்கு நடக்கிறவர்களுக்காக. தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் போகும் கூட்டத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெயிலுக்குப் பயந்து சாயங்காலத்துக்கு மேல்தான் நிறையப் பேர் நடப்பார்கள். முந்தின வருடம் அவள் அண்ணன் அப்படி நடந்தபோது, பொழுது சாய்ந்த நேரத்தில் பின்னால் வந்த லோடு வேன் ஒன்று இடித்துவிட்டது. உயிர் தப்பியது. காலில் கம்பி வைத்து, தாங்கித் தாங்கி நடக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். தேறிய மனிதர் சும்மா இருந்தாரா? காப்பாற்றியது முருகன்தான், அதனால் இந்த வருடமும் நடந்தே போவேன் என்று மாலை போட்டுவிட்டார்.

"சொல்லிப் பாத்தேன், அழுதும் பாத்தேன்க்கா. கேக்கல. முன்னாடியாச்சும் கூட்டத்தோட போவான். இப்ப இந்தக் காலை வச்சுக்கிட்டு எல்லாருக்கும் பின்னாடிதான் நடப்பான். ஒத்தையில."

ரோடு வேலை பார்க்கிறவர்கள் சட்டையில் இருக்குமே, வண்டி விளக்குப் பட்டதும் பளிச்சென்று மின்னும் வெள்ளிப் பட்டை, அதைச் சுருளாக வாங்கி நடக்கிறவர்களின் தோள்பையில் தைத்துவிட வேண்டும் என்றாள். ஸ்டிக்கர் ஒட்டினால் உரசி உரசி உரிந்துவிடுகிறது, தைத்தால் நிற்கும் என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு அந்த வாய் உண்டு. "உன் அண்ணனுக்கு ஒரு முழம் பட்டை வாங்க எங்க கூட்டம் எதுக்கு? நீயே வாங்கலாமே?"

"அவன் ஒருத்தனுக்குன்னா வாங்கிருவேனே. எல்லாக் கூட்டத்துலயும் கடைசியா நடக்குறவன் ஒருத்தன் இருப்பான்ல. அவனுக்கு யாரு வாங்குவா?" என்று அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

நான் என் இருநூறோடு இன்னொரு இருநூறையும் எடுத்து வைத்தேன். அன்றைக்கு யாரும் யோசிக்கக்கூட இல்லை.

இனி அண்ணாச்சியின் கைங்கரியம். பட்டைச் சுருள்கள் வந்து இறங்கியதும், பிரிண்ட் செலவு என்னுடையது என்று தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பட்டையின் நடுவில், நீளவாக்கில், சிவப்புப் பெயிண்ட் அடித்து அதன்மேல் கெட்டி எழுத்தில் 'உபயம்' என்று தொடங்கி எங்கள் கடைப் பெயர்கள் எல்லாம் வரிசையாக ஓடின. என் கடை மூன்றாவது. பார்க்க எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. பாய்கூட, "நம்ம பேரு பழனி வரைக்கும் நடந்து போகுது பாருங்கக்கா" என்று சிரித்தார். தையல்காரியும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டாள். பெரிய இடத்துச் சாமான் மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். பட்டை நூல் பிரியாமல் இருக்க இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, முதல் பட்டையை அண்ணன் பையில் நேர்த்தியாகத் தைத்தாள்.

வேலையைத் தொடர்வதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அவளே கூப்பிட்டாள். பொழுது இறங்கும் நேரத்தில் அண்ணாச்சியின் காரில் பாயும் நானும் போனோம். அவள் ஊருக்குத் திரும்பும் கிளை ரோட்டில் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வெளியில் மிச்சமிருந்த வெளிச்சமும் தோப்புக்குள் இல்லை. அவள் போனில் சொன்னாள், அண்ணன் பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரமாக முதுகைக் காட்டி நிற்கிறான், நீங்கள் வாருங்கள் என்று.

அண்ணாச்சி விளக்கைப் போட்டு வண்டியை விட்டார். நாங்கள் மூன்று பேரும் முன்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தோம்.

"எங்கம்மா நிக்கிறாப்ல?" என்றார் அண்ணாச்சி.

"இன்னும் தள்ளிப் போகணும்போல" என்றேன்.

அவர் லேசாக ஆக்சிலேட்டரை மிதித்தார். அடுத்த நொடி பாய் "யா அல்லாஹ்" என்றதும், பிரேக் விழுந்ததும், என் நெற்றி முன்சீட்டில் மோதியதும் ஒன்றாக நடந்தன. அந்த மனிதர் எங்கள் பம்பருக்கு முன்னால், நாலு எட்டு தள்ளி நின்றிருந்தார். பட்டை அவர் முதுகில்தான் இருந்தது. சிவப்புப் பெயிண்ட் இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. மின்ன வேண்டிய ஓரம் இரண்டும் மடிப்புக்குள் போய்விட்டிருந்தன. எங்கள் பெயர் மொத்த வெளிச்சத்தையும் மூடிவிட்டது.

திரும்பக்கூடாது என்று தங்கை சொல்லியிருந்ததால் அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சத்தமாகக் கேட்டார்.

"தெரிஞ்சுதாண்ணே?"

பாய் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தையல்காரி எதிரிலிருந்து ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அண்ணனை ரோட்டை விட்டுத் தோப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் பிரிக்காத சுருள்கள். வாங்கிய பணம் தீர்ந்துவிட்டது, தைப்பூசமும் நெருங்கிவிட்டது. பாய் ஒரு சுருளைப் பிரித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பெயிண்ட் போகிற வழியாக இல்லை. அவள் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு ஓரத்துலயும் பெயிண்ட் படலக்கா. நடுவுல இருக்கிறத வெட்டி எறிஞ்சுட்டு, ஓரத்தை மடிக்காம அப்படியே பையில தச்சுரலாம். ஒல்லியா இருந்தாலும் மின்னும்." பிறகு அண்ணாச்சியைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா உங்க பேரெல்லாம் போயிரும்."

அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரியின் அண்ணன் அவருக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல எம் பேரு இருக்குல்ல, அங்கருந்து வெட்டும்மா" என்றார்.

கத்திரிக்கோல் ஓட ஆரம்பித்தது. பெயர்கள் சிவப்பு நாடாவாகச் சுருண்டு தரையில் விழுந்தன. என் கடை விழுந்தபோது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். பாய் லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மிச்சமிருந்த ஒல்லிப் பட்டைமேல் அடித்தார். கண் கூசியது. அதைவிட நல்ல சேதி, ஒரு பட்டை இரண்டாகிவிட்டது. பைக்கு இரண்டு கோடு போடுவதால் ஒவ்வொன்றின் நீளத்தையும் குறைத்துத் தைக்கலாம், நினைத்ததைவிட நிறையப் பேருக்கு வரும் என்று அவள் உடனே கணக்குப் போட்டுவிட்டாள். பேரக்காரி இல்லையா?

தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் ஊர் எல்லையில் ஒரு பந்தல் போட்டோம். பாய் வீட்டில் சுக்குக்காப்பி போட்டு அண்டாவில் அனுப்பினார்கள். அவள் மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நடந்து வருகிறவர்கள் காப்பி குடிக்கும் நேரத்துக்குள் அவர்கள் பையை வாங்கி, இரண்டு கோடு தைத்துத் திருப்பிக் கொடுப்பாள். சிலர் பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காரைக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியிடமே கேட்டார்.

"இது யாரு உபயமுங்க?"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அண்ணாச்சி அண்டாவுக்குள் கரண்டியை விட்டுக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியலப்பா. இன்னும் செத்த காப்பி ஊத்தவா?" என்றார்.

என் வாழ்நாளில் நான் கேட்ட பொய்களில் அதைப்போல அழகான பொய் கிடையாது. கட்டிப் பிடித்துக்கொள்ள முடியாத மனிதர் என்பதால் அவர் டம்ளரில் ஒரு கரண்டி காப்பியை நான் அதிகமாக ஊற்றினேன்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல், திண்டுக்கல்லில் கூடிப் புறப்பட்ட அவள் அண்ணன் கூட்டம் வந்தது. அவர்கள் எல்லாம் குடித்து முடித்துக் கிளம்பிய பிறகு அவர் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தார். தங்கை அவரை நிறுத்தினாள். பையைத் திருப்பி இரண்டு பட்டையையும் இழுத்துப் பார்த்தாள், தையல் விட்டிருக்கிறதா என்று. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

பந்தலைப் பிரித்து, மெஷினை டிக்கியில் ஏற்றி, அவளை ஊரில் விட நாங்கள் புறப்படும்போது வெளிச்சம் போய்விட்டது. அண்ணாச்சி மெதுவாக ஓட்டினார். ரோடு முழுக்க நடக்கிறவர்கள், அவள் அண்ணனுக்குப் பிறகு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள். முன்னால் வரிசை வரிசையாகச் சின்ன வெள்ளிக் கோடுகள் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் போட்ட காசு அது. ஒன்றிலும் எங்கள் பெயர் இல்லை. எனக்கோ இந்த ஊரையே விலைக்கு வாங்கியதுபோல இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ரோடு காலியானது. கூட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தவள் முன்னால் எக்கி, அண்ணாச்சியின் தோளைத் தொட்டாள். எனக்கு இன்னும் ரோடு மட்டும்தான் தெரிந்தது. பிறகு வெகு தூரத்தில், ஆள் இன்னும் கண்ணில் படாத தூரத்தில், இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. தாங்கி நடக்கிறவரின் நடை.

"அந்தா போறான் எங்கண்ணன்" என்றாள். "அம்புட்டுத் தூரத்துலயே தெரியுறான்க்கா."

அண்ணாச்சி வேகத்தைக் குறைத்து, வண்டியை நன்றாக வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.