பீரங்கி ஏற்றி வந்த லாரி

இருபத்தாறு வருசமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்கான கம்ப்ரசர், காற்றாலை இறக்கை, டிரான்ஸ்ஃபார்மர் என்று எதையெதையோ ஏற்றி இறக்கியிருக்கிறேன். இறக்கினதும் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தச் சாமான் அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பீரங்கி ஏற்றி வந்த பிறகுதான் அது மாறியது.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து சின்னதாக ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். அதன் வாசலில் வைக்க, படையிலிருந்து விலக்கிய பீரங்கி ஒன்று வேண்டும் என்று பல வருசம் எழுதிக் கேட்டு, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ராணுவக் கிடங்கிலிருந்து அதை எடுத்து வர வேண்டும். புதுச்சத்திரத்தில் டிரெய்லருக்கு விசாரித்தவர்களுக்கு யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பாரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுச் சரியென்றேன்.

கிடங்கில் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தேன். படத்தில் பார்க்கிற பீரங்கி வேறு, பக்கத்தில் நிற்கிற பீரங்கி வேறு. என் டிரெய்லரின் நீளத்தில் முக்கால்வாசிக்கு அதன் குழாய் மட்டுமே இருக்கும்போல் தெரிந்தது. பொறுப்பில் இருந்த சுபேதார் ஆந்திராக்காரர், தமிழ் ஓரளவு பேசினார். எழுபத்தோராம் வருசத்துப் பாகிஸ்தான் சண்டையில் இந்த வகை பீரங்கிகள்தான் முன்னால் நின்றன என்றார். முன்பு பீரங்கி ஏற்றியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, ரிக் ஏற்றியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை. கட்டும்போது மேற்பார்வை பார்க்க இரண்டு சிப்பாய்களை நிறுத்தினார்.

நான் என் வழக்கப்படியே கட்டினேன். சங்கிலி படும் இடத்திலெல்லாம் பழைய டயர் டியூபை வெட்டி மடித்து வைத்தேன், பெயின்ட் உரியாமலிருக்க. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆணி அடித்து, ஒவ்வொரு சங்கிலியையும் கையால் உலுக்கிப் பார்த்தேன். முடித்துத் திரும்பினால் சுபேதார் நின்றுகொண்டிருந்தார். சிப்பாய்கள் இருவரையும் எப்போதோ அனுப்பிவிட்டிருந்தார்.

நாகபுரி தாண்டி ஒரு தாபாவில் சாப்பிட நிறுத்தினேன். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும் சர்தார்ஜி ஒருவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து மெதுவாக வந்தார். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றினார். பிறகு என்னிடம் வந்து, தொட்டுப் பார்க்கலாமா என்று இந்தியில் கேட்டார். என்னுடைய சொந்தப் பொருளைப் போல என்னிடம் அனுமதி கேட்கிறாரே என்று கூச்சமாகிவிட்டது. தாராளமாக என்றேன். மேலே ஏற முடியாததால் எட்டிச் சக்கரத்தின் மேல் கை வைத்தார். அவர் பீரங்கிப் படையில் இருந்தவராம். என் இந்தி ரோட்டு இந்தி. அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. கிளம்பும்போது வண்டியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். அதற்கப்புறம் என்னால் பழையபடி ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி இறங்கினேன்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனையோ முறை பாரத்தோடு இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மேலேயே நிறுத்தி, சங்கிலி முழுவதையும் மறுபடி இறுக்கி, முதல் கியரிலேயே அடிவாரம் வரை வந்தேன். பின்னால் வந்தவர்கள் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. முந்திப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் கை காட்டினார்கள்.

சேலம் வந்ததும் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். அவள் ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமான இத்தனை வருசத்தில் நான் ஏற்றி வரும் லோடைப் பார்க்க வந்ததே இல்லை. “நானும் வாரேனுங்க, பாக்கோணும்” என்றாள். நான் அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். கையில் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை.

ஊரே கூடியிருந்தது. கிரேன் தூக்கி மேடையில் வைக்கப் போகும்போதுதான் பிரச்சினை. குழாய் எந்தப் பக்கம் பார்ப்பது? கிழக்கே வைத்தால் மாதா கோயில் எதிரே நிற்கிறது. தெற்கே மாரியம்மன் கோயில். மேற்கே சுகாதார நிலையம். பிரசவத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பீரங்கி நீட்டுவதா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். வடக்கே திருப்பினால் சங்கத் தலைவர் வீட்டு மாடி நேராக வருகிறது. ஆளாளுக்குப் பேசினார்கள். கிரேன்காரர் பீரங்கியைத் தொங்கவிட்டபடி பீடி பற்ற வைத்துவிட்டார்.

கூட்டத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அந்த ஊரில் பீரங்கிப் படையில் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். சத்தத்திலேயே வேலை செய்ததால் காது மந்தம். நடந்த வாக்குவாதம் எதுவும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் விளக்கியதும் சொன்னார்: வடக்கே பார்த்து வையுங்கள், குழாயை மேலே தூக்கிவிட்டால் யார் வீட்டையும் பார்க்காது.

வைத்தார்கள். ஆனால் குழாயைத் தூக்கும் கைச்சக்கரம் அசையவில்லை. வருசக்கணக்காகச் சும்மா நின்றது. நான்கு பேர் மாறி மாறி முயன்றார்கள். பெரியவரும் கை வைத்துப் பார்த்து, மூச்சு வாங்க நின்றுவிட்டார். நான் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு என் டூல் பெட்டியை எடுத்து வந்தேன். பழைய கிரீஸ் கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. டீசல் ஊற்றி ஊற வைத்து, சுரண்டி எடுத்து, புது கிரீஸ் அடைத்து, சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு முனகலோடு சுற்றியது. பெரியவர் வந்து என் கைக்குப் பக்கத்தில் கை வைத்தார். இரண்டு பேருமாகச் சுற்றினோம். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, தென்னை மரங்களைத் தாண்டி, வானத்தைப் பார்த்து நின்றது. சங்கத் தலைவர் வீட்டுக்காரம்மாதான் முதலில் கை தட்டினார்.

அன்றைக்கே நடந்த திறப்பு நிகழ்ச்சிக்குப் பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு பீரங்கிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். நான் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஓரமாக வண்டிப் பக்கம் ஒதுங்கினேன். பெரியவர் பார்த்துவிட்டார். காது மந்தமானவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அவர் சொன்னது கூட்டம் முழுக்கக் கேட்டது.

“ஏஞ்சாமி, அங்க ஏன் நிக்கிற? எங்க பீரங்கிக்கு ஆள் கணக்குச் சொன்னா, அதை இழுத்துட்டு வர்ற டிரைவரையும் சேர்த்துத்தான் சொல்லுவோம். அவன் கொண்டாந்து நிறுத்தாட்டி நாங்க எதை வெச்சுச் சுடறது? இங்க வந்து நில்லு.”

போய் நின்றேன். எனக்கு வலது பக்கம் பெரியவர், இடது பக்கம் காலிழந்து திரும்பிய, நாயக் பதவியில் இருந்த ஒருவர். கொடிக்குச் சல்யூட் அடிக்கும்போது எனக்குக் கை எப்படி வைப்பதென்று தெரியவில்லை. பெரியவர் கண்ணால் ஜாடை காட்டினார். கூட்டத்தில் வீட்டுக்காரி எங்கே என்று தேடினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்கா, வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து எந்த ஊருக்கு லோடு போனாலும், பக்கத்தில் பீரங்கி இருக்கிறதா என்று விசாரிப்பது பழக்கமாகிவிட்டது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இரும்புப் பட்டைகளை வளைத்து வளைத்துப் பற்ற வைத்த அந்தப் பெரிய பீரங்கியைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இத்தனை பெரிய வேலையை எந்த உலையில் வைத்துச் செய்தார்களோ என்று சுற்றிச் சுற்றி வந்தேன். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு போர் அருங்காட்சியகம் போனேன். பீரங்கிகளுக்கு முன்னால் பலகை வைத்து, குண்டு எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இதை மணலில் இழுத்து வந்த வண்டி எது என்று காவலுக்கு நின்ற சிப்பாயிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, டிரைவரா என்றார். ஆமாம் என்றதும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு பழைய ராணுவ லாரியைக் காட்டினார். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். ஸ்டீரிங் என் மார்பளவுக்கு இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு, மேலே குண்டு விழும்போது ஒருத்தன் ஓட்டியிருக்கிறான் என்று நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. என் தொழிலை நினைத்து அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

போன தை மாதம் வீட்டுக்காரியையும் பிஜப்பூருக்குக் கூட்டிப்போனேன். கோட்டைக் கொத்தளத்தின் மேல், சிங்க முகத்தோடு கிடக்கிறது ஒரு பெரிய பீரங்கி. சிங்கத்தின் வாய்க்குள் யானை நசுங்குவதுபோல் செய்திருக்கிறார்கள். நல்ல வெயிலிலும் உலோகம் கைக்குச் சில்லென்றிருந்தது. யானைகளையும் நூற்றுக்கணக்கான மாடுகளையும் பூட்டி மேடு பள்ளமெல்லாம் தாண்டி இழுத்து வந்தார்கள் என்றார் வழிகாட்டி. அவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல, வீட்டுக்காரி கேட்டாள்:

“ஏறினது சரிங்க. இறக்கத்துல எப்புடிங்க பிடிச்சாங்க?”

அவளுக்கு உட்கார்ந்து விளக்கினேன். பின்னால் மாடு கட்டி எதிர்ப்பக்கம் இழுக்க வைத்திருப்பார்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் கொடுத்து விட்டிருப்பார்கள் என்று, கல்லையும் குச்சியையும் வைத்துத் தரையில் செய்து காட்டினேன். எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன், நிச்சயமாக எனக்கும் தெரியாது. மொழி புரியாத இரண்டு மூன்று குடும்பங்கள்கூட நின்று பார்த்தன. வழிகாட்டியும் குனிந்து பார்த்துவிட்டு, கட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்று இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். வீட்டுக்காரி எழுந்து புடவை மண்ணைத் தட்டிவிட்டு, அவர்களைப் பார்த்துத் தமிழிலேயே பெருமையாகச் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு டிரைவருங்க.”