பிரிவு இருபத்தாறும் என் தங்கையின் வலிப்பும்

பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968, பிரிவு 26: பூச்சிமருந்தைப் பயன்படுத்தியதாலோ கையாண்டதாலோ யாருக்காவது நஞ்சு ஏறியது தெரியவந்தால், தெரிந்தவர்கள் அதைக் குறிப்பிட்ட அதிகாரிக்கு அறிக்கையாகத் தரவேண்டும் என்று மாநில அரசு அறிவிக்கை போட்டுக் கேட்கலாம். பிரிவு அவ்வளவுதான். காலை ஜெபம்கூடச் சில நாள் நடுவில் மறந்துபோகும். இது மறக்காது.

வேலூரில் வேளாண்மை அலுவலகத்தில் பூச்சிமருந்துக் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தராக இருந்தேன். அந்தச் சட்டப் புத்தகம் என் மேஜையில்தான் கிடந்தது. டீ டம்ளருக்கு அடியில் வைக்கப் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் வரை அதற்கு வேறு வேலை இருக்கவில்லை.

எங்கள் வீடு மாதனூரில். என் தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாவட்டத்தில் ஒரு நர்ஸ் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த ஜூலை ஒன்றாம் தேதி சேரவேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்தாள். நல்ல கையெழுத்து. கிடங்கில் உட்கார்ந்து தோல் கட்டுகளுக்குச் சீட்டு எழுதுவது வேலை.

காய்ந்த தோலை வண்டு அரிக்கும். அதற்காகப் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரைத் துணிப்பையில் கட்டி, ஒவ்வொரு தோலின் மேலும் தட்டிக்கொண்டே போவார்கள். மழை நாளில் ஈரம் ஏறக்கூடாது என்று கதவுகளைச் சாத்திவிடுவார்கள். உள்ளே மாவு மில் மாதிரி இருக்கும். தங்கை அதற்குள்ளேயே உட்கார்ந்து எழுதினாள், அதற்குள்ளேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கையுறையும் முகமூடியும் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. கம்பெனி தந்தது ஒரு பேனா.

அக்டோபர் பதினேழாம் தேதி மதியம் அவள் எழுந்து நின்றாள், தலை சுற்றுகிறது என்றாள், கீழே விழுந்தாள், கைகால் வெட்டிவெட்டி இழுத்தது. நான் மறுநாள் போனபோது மேஸ்திரி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

"பயப்படாத சார். சாவிக்கொத்தை எடுத்து உள்ளங்கையில வெச்சி அழுத்தினேன். ரெண்டே நிமிஷம், அடங்கிடுச்சி. இரும்புக்கு அவ்ளோ சக்தி."

"இதுக்கு முன்னால யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"பவுடர் தட்டற பசங்களுக்கு வாந்தி வரும், கை நடுங்கும். அது சகஜம். இது காக்கா வலிப்பு சார், இரும்பு குடுத்ததும் நின்னுச்சே!"

அவர் சொன்னதைக் கம்பெனி டாக்டர் அப்படியே எழுதினார். ஆம்பூர் பஜாரில் சொந்த கிளினிக் வைத்திருந்தவர். வாரத்துக்கு இரண்டு நாள் கம்பெனிக்கு வருவார். சான்றில் மூன்று வாக்கியம்: "நெடுநாளைய வலிப்பு நோய். இரும்பு கொடுத்ததும் தணிந்தது. வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை." அவளை அவர் பார்த்ததே விழுந்து மூன்று மணி நேரம் கழித்து. மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்துவிட்டு, நோயைக் கண்டுபிடிக்க ஒரு சாவிக்கொத்து போதும் என்று முடிவுசெய்த மேதை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து உடல்நிலைச் சான்று வேண்டும் என்று நர்ஸ் பள்ளி கேட்டபோது, கம்பெனி அந்த மூன்று வாக்கியத்தையும் தபாலில் நேரே அனுப்பிவைத்தது. வலிப்புக்காரியை வார்டில் விட முடியாது, சான்று கொடுத்த மருத்துவரே அதைத் திரும்பப் பெற்றால் பார்க்கலாம் என்று பள்ளி எழுதியது. இருபத்தைந்து வயதுக்குள் சேரவேண்டும் என்ற நிபந்தனையையும் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்குச் சட்டப் புத்தகத்தின் மேலிருந்து டம்ளரை எடுத்தேன்.

முதலில் அண்ணன் என்ற முறையில் கம்பெனி மேனேஜருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். என் தங்கை விழுந்த அன்று கிடங்கில் என்ன மருந்து போட்டீர்கள்? எதிர்பார்த்த பதில் வந்தது: "அன்று எங்கள் கிடங்கில் எந்தப் பூச்சிமருந்தும் பயன்படுத்தப்படவில்லை." கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. பொய் சொல்கிறவனை வாயால் சொல்லவிடக்கூடாது, எழுதவிட வேண்டும்.

ஜனவரியில் அதே கம்பெனி எங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டது. பவுடருக்குத் தட்டுப்பாடு, எங்கள் பரிந்துரை இருந்தால்தான் மொத்தமாகக் கிடைக்கும். நான் ஒரு வினாக் குறிப்பு தயாரித்தேன்: "ஒதுக்கீட்டை உயர்த்துவது பற்றி முடிவெடுக்க வசதியாக, கடந்த ஆறு மாதத்தில் கிடங்கில் பயன்படுத்திய பவுடரின் அளவை நாள்வாரியாகத் தரவும்." இப்படி ஒரு வினா எந்த விதியிலும் இல்லை. நான் உண்டாக்கியது. ஆனால் கோப்பு எண்ணும் பொருளும் போட்டு வந்த தாளைப் பார்த்து, இது எந்த விதி என்று கேட்ட மேனேஜர் இதுவரை பிறக்கவில்லை. என் அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒதுக்கீடு ஜாஸ்தி கிடைக்கும் என்ற ஆசையில் மேனேஜர் ஒரு நாளையும் விடாமல் நிரப்பி அனுப்பினார். அக்டோபர் பதினேழு: நாற்பது கிலோ. அதே கையெழுத்து, அதே முத்திரை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஒரு சாயங்காலம் இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"தம்பி, இதை யார் யார் பார்த்திருக்காங்க?"

"இதுவரைக்கும் நீங்க மட்டும்தான் சார்."

"சரி, இவ்ளோ பேஜார் எதுக்கு? இப்பவே புது சர்டிபிகேட் எழுதித் தர்றேன். வலிப்பு நோய் இல்ல, அன்னிக்கு வெறும் மயக்கம், முதல்ல கொடுத்தது தவறுன்னு. தங்கச்சி ஸ்கூல்ல சேரட்டும். இந்தப் பேப்பரை நீங்க மறந்துடுங்க."

பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"மயக்கம் வேணாம் சார். பூச்சிமருந்து நஞ்சுன்னு எழுதுங்க. எழுதி, பிரிவு இருபத்தாறுபடி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புங்க."

"அனுப்பினா கம்பெனி என்னை வெச்சிருக்குமா?"

"வெச்சிருக்காது."

"தெரிஞ்சேதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சேதான் கேக்கறேன்."

அவர் பேனாவை மூடினார். நான் ஸ்டேஷன் ரோட்டில் தபால் நிலையம் மூடுவதற்குள் ஓடி, சுகாதாரத் துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் எழுதித் தயாராகப் பையில் வைத்திருந்த மூன்று புகார்களையும் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் மாதனூர் பஸ் ஏறினேன்.

வீட்டில் தங்கை வாசலில் நின்றிருந்தாள். நடந்ததை, பேனா மூடியது வரைக்கும், பெருமையாகச் சொன்னேன்.

"எழுதித் தர்றேன்னு சொன்னாரா?"

"சொன்னான். அவ்ளோ சுலபமா விட்டுடுவேனா?"

"வாங்கிட்டு வந்திருக்கலாமேண்ணா."

"வாங்கினா அவன் தப்பிச்சிடுவான்."

"அவரு தப்பிச்சா எனக்கு இன்னா, மாட்டினா எனக்கு இன்னா? ஜூலை ஒண்ணாந்தேதி நான் அங்க நிக்கணும்."

"பொறு. எல்லாம் முறைப்படி வரும்."

"முறைப்படியா? உங்க ஆபீஸ்லயா?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

அந்த வாரக் கடைசியில், எனக்குத் தெரியாமல், அவளே டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் அவளை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "உங்க அண்ணன் மேலிடத்துக்கு எழுதிட்டாரும்மா. இப்ப நான் மாத்தி எழுதினா, முன்னாடி பொய் எழுதினேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்று அனுப்பிவிட்டார். இதை அம்மா சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

அவசரநிலைக் காலம் அது. ரயில்கள் நேரத்துக்கு ஓடியதாகச் சொன்னார்கள். கோப்புகளுக்கு யாரும் சொல்லவில்லை. பூச்சிமருந்து என்பதால் வேளாண்மைத் துறைக்குரியது என்றது சுகாதாரத் துறை. தோல் கிடங்கில் விளைச்சல் இல்லை, ஆகவே தொழிற்சாலை ஆய்வாளருக்குரியது என்றது வேளாண்மைத் துறை. அந்தக் கடிதத்தை வரைந்தவன் என் பக்கத்து மேஜைக்காரன். நோய் என்பதால் சுகாதாரத் துறைக்குரியது என்றார் ஆய்வாளர். மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் நான் தவறவிட்டதில்லை.

கையில் இருந்த வேலையை அதற்கிடையில் செய்தேன். கம்பெனியின் பவுடர் விண்ணப்பம் என் மேஜையில் இருந்தது. ஒரு முறை இணைப்பு இல்லை என்று திருப்பினேன். இணைப்பு வந்ததும் சான்றொப்பம் இல்லை என்று திருப்பினேன். சான்றொப்பம் வந்ததும் படிவம் மாறிவிட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் அவர்கள் கிடங்கை அதிகாரியுடன் பார்வையிடப் போனேன். மேஸ்திரி ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சல்லடை. அடுத்ததும் சல்லடை. மேனேஜர் பக்கத்தில் கைகட்டி நின்றார். வண்டுகள் மொரமொரவென்று தின்னும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். பாவம் என்று தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

தங்கை அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் நர்ஸ் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். பழைய சான்று இன்னும் திரும்பப் பெறப்படவில்லை என்று பதில் வந்தது. 1978 மே மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிந்தது. அதற்குள் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்திருந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த மாதம் நான் நினைவூட்டு எழுத உட்கார்ந்தபோது, "இன்னும் எதுக்குண்ணா?" என்றாள். "ஆரம்பிச்சதை முடிக்கணும்" என்றேன். "நீ ஆரம்பிச்சது எனக்காக இல்ல, அது வேற" என்று டப்பாவைக் கழுவப் போனாள்.

கடைசியில் சுகாதாரத் துறையிலிருந்து பதில் வந்தது. சம்பவத்தைப் பூச்சிமருந்து நஞ்சாகக் கருத முகாந்திரம் உள்ளது. முந்தைய சான்று ரத்து செய்யப்படுகிறது. மருத்துவர் எழுத்துமூலம் கண்டிக்கப்பட்டார், கம்பெனிக்கு எச்சரிக்கை தரப்பட்டது. மனுதாரரின் தங்கை நர்ஸ் பயிற்சியில் சேர ஆட்சேபணை இல்லை. நான் கேட்டது ஒன்றுவிடாமல் இருந்தது. அவள் வேனிலிருந்து இறங்கி வந்ததும் நீட்டினேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"டாக்டர் மாட்டினாரா?"

"மாட்டினான்."

"சரி. உனக்கு வந்திடுச்சி" என்று தாளை என்னிடமே கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.

பதில் வந்தது 1979 நவம்பர் 19, திங்கட்கிழமை.